ஒன்றுக்கு நான்கு

ஜப்பானின் பழைய ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கத்தில் அரை அகலக் கத்தகானா எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றினால் அதுவே 3 பைட் ஆகிவிடும். 100 பைட் உரை ஒன்று வருகிறது, மாற்றிய வடிவத்துக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது? ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் 100 போதும். முழுக்கக் கத்தகானா என்றால் 300 வேண்டும். மாற்றி முடிக்கும்வரை சரியான விடை கிடைக்காது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் உரையின் நீளத்தை 4ஆல் பெருக்கி, முடிவைக் காட்டும் சுழி பைட்டுக்காக ஒன்று கூட்டி, அவ்வளவு இடத்தையும் கேட்டு வாங்கிவிடுகிறது. அது ஆதரிக்கும் குறியாக்கங்களில் ஆக மோசமான வீக்கமே மூன்று மடங்குதான் (அந்தக் கத்தகானாவேதான்). நான்காவது மடங்கு முன்னெச்சரிக்கை. முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுக்கலாமே? எண்ணுவதற்கும், மாற்றும்போது பார்க்கும் அதே எழுத்து அட்டவணைகளை ஏறக்குறைய முழுக்கப் புரட்டியாக வேண்டும். பந்தியில் தலைகளை எண்ணிவிட்டு உலை வைக்கும் சமையல்காரர் உண்டா!

ஆனால் இந்தத் தாராளம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக ஒரே தடவையில் 1 ஜிபிக்கு மேல் கேட்க முடியாது. 300 எம்பி ஆங்கில உரை வந்தால் கணக்கு 1200 எம்பியைக் கேட்கும். உடனே ‘நினைவகம் போதவில்லை’ என்று வேலை நின்றுவிடும். மாற்றிய பிறகும் அந்த உரை 300 எம்பிதான்! ஆக, உள்ளே வரும் உரைக்கு 256 எம்பி என்று ஒரு வரம்பு, யாரும் வேண்டுமென்று வைக்காமலே விழுந்திருந்தது.

2019 நவம்பரில் வந்த 12.1 பதிப்பு இதைச் சரிசெய்தது. இப்போது வரம்பைத் தாண்டியும் கேட்கலாம். மாற்றி முடித்தபின் கிடைத்த விடை 1 ஜிபிக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். உரை 10 லட்சம் பைட்டுக்கு மேலிருந்தால் மிச்ச இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்படிக் கூடுதலாகக் கேட்பது வீண் செலவும் அல்ல: லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள், நிரல் எழுதத் தொடங்காத நினைவகப் பக்கங்களுக்கு மெய்யான நினைவகத்தைப் பெரும்பாலும் தருவதே இல்லை.

கூடுதலாகக் கேட்பதில் வரும் தொல்லை இவ்வளவுதான். குறைத்துக் கேட்டாலோ, இருக்கும் இடத்தைச் சரிபார்க்காமல் எழுதினாலோ கதையே வேறு. லினக்ஸின் கிளிப்சி நூலகத்திலுள்ள குறியாக்க மாற்றி, ஒரு சீனக் குறியாக்கத்துக்கு மாற்றும்போது, எழுத்துத் தொகுதி மாறுவதை அறிவிக்கும் சிறு குறிப்பை இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே எழுதிவிட்டது. எல்லை தாண்டியது அதிகபட்சம் 4 பைட். பிஎச்பி நிரல்மொழியில் ஓடும் இணையதளங்களைக் கைப்பற்ற அது போதும் என்று 2024இல் செய்தே காட்டினார்கள். அதற்குள் அந்தப் பிழைக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது.