எட்டிப் பிடிக்கக் கூடாத காந்தம்

செம்பைக் காந்தம் இழுக்காது. வீட்டில் செப்புப் பாத்திரம் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. ஆனால் 1824இல் பிரான்ஸில் அராகோ என்ற அறிவியலாளர் ஒரு விந்தையைக் கண்டார். செப்புத் தட்டைச் சுழற்றினால் அதற்கு மேலே இருந்த காந்த ஊசியும் கூடவே சுழன்றது! அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பாபேஜும் ஹெர்ஷலும் இதையே மாற்றிச் செய்தார்கள். காந்தத்தைச் சுழற்றினார்கள், செப்புத் தட்டு அதன் பின்னாலேயே சுற்றியது. காரணம் 1831இல் மைக்கேல் ஃபாரடேயால் விளங்கியது. உலோகத்தின் அருகே காந்தம் நகர்ந்தால் அந்த உலோகத்துக்குள் மின்சாரம் பிறக்கிறது. மின்சாரம் ஓடும் உலோகம் தானும் காந்தமாகிவிடுகிறது.

கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், நம் வீடுகளில் வெகுகாலமாகச் சுற்றும் சீலிங் ஃபேன் எல்லாம் இப்படித்தான் ஓடுகின்றன. சுழலும் பாகத்துக்கு ஒரு ஒயர்கூடப் போவதில்லை.

சரி, உள்ளே காந்தத்தை யார் சுழற்றுவது? யாரும் இல்லை! 1880களில் இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியாக இதற்கொரு வழியைக் கண்டார்கள். வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து உட்கார்ந்தால், யாரும் இடம் மாறாமலே ஓர் அலை சுற்றி வரும் அல்லவா? மும்முனை மின்சாரத்தில் மூன்று மின்னோட்டங்கள் அப்படி ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடுகின்றன. காயில்கள் அசைவதில்லை, காந்தப்புலம் மட்டும் சுற்றுகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் அது அதிகபட்சம் நொடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3000.

ஆனால் கிணற்று மோட்டாரின் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 2880 என்பதுபோல ஓர் எண்தான் இருக்கும். மீதிச் சுற்றுகள் எங்கே போயின? சுழலும் பாகம் காந்தப்புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால், அதன் பார்வையில் புலம் நகராமல் நின்றுவிடும். நகராத காந்தம் மின்சாரத்தைப் பிறப்பிக்காது; மின்சாரம் இல்லாவிட்டால் திருப்பும் விசையும் இல்லை. அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும். பாரம் கூடினால் இன்னும் பின்தங்கும், அதனாலேயே அதிக விசையும் பெறும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

வீட்டு ஃபேனுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். ஒரே காயிலில் காந்தம் கூடும், குறையும், திசை மாறும், ஆனால் சுற்றாது. ஆகவே சீலிங் ஃபேனில் இரண்டாவதாக ஒரு காயிலும் அதனோடு ஒரு கண்டென்சரும் சேர்க்கிறார்கள். கண்டென்சர் அந்தக் காயிலின் மின்னோட்டத்தை முந்தி வரச் செய்வதால் புலம் சுற்றத் தொடங்குகிறது. கண்டென்சர் கெட்டால் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும், அல்லது மெதுவாகச் சுற்றும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது.

சின்னஞ்சிறு மோட்டார்கள் சிலவற்றில் கண்டென்சரும் கிடையாது. காந்த முனையின் ஓர் ஓரத்தில் செப்பு வளையம் மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். வளையத்துக்குள் காந்தம் சற்றுத் தாமதமாகவே உச்சம் தொடும். அந்தத் தாமதமே சுழற்சியைத் தருகிறது. மும்முனை மோட்டாரில் ஏதாவது இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். செப்பு வளையம் மாட்டிய மோட்டாரிலோ ஒயரை எப்படி மாற்றினாலும் வளையம் இருக்கும் பக்கமாகத்தான் சுற்றும்.