பெரியவர்களின் தீராத இருமலும் பச்சிளம் குழந்தையின் நாற்பது நாளும்

சளியும் காய்ச்சலும் ஒரு வாரத்தில் போய்விடும். இருமல் மட்டும் நிற்காது. பகலில் ஓரளவு அடங்கியிருக்கும், இரவில் படுத்ததும் தொடங்கிவிடும். மருந்துக் கடையில் வாங்கிய சிரப் இரண்டு பாட்டில் தீர்ந்திருக்கும். "தூசி ஒத்துக்கொள்ளவில்லை", "பனி முடிந்தால் சரியாகிவிடும்" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்துகிறோம். இப்படி வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல் கக்குவானாகவும் இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கக்குவான் இருமல் குழந்தைகளுக்கு மட்டுமே வரும், தடுப்பூசி வந்தபின் அது ஒழிந்துவிட்டது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். இரண்டுமே சரியல்ல.

பெரியவர்களுக்கு ஏன் வருகிறது?

இது 'போர்டெடெல்லா பெர்டூசிஸ்' என்ற பாக்டீரியாவால் வரும் நோய். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகள் வழியாக மிக எளிதில் பரவும்.

நம் நாட்டில் குழந்தை பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. பிறகு 16 முதல் 24 மாதத்திற்குள் ஒரு தவணை, 5 முதல் 6 வயதில் ஒரு தவணை. அதற்குப் பின் 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் ஊசி ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரியது. அதில் கக்குவானுக்கான மருந்து இல்லை. தடுப்பூசி தரும் எதிர்ப்புச் சக்தி சில ஆண்டுகளில் குறைந்துவிடும். சிறுவயதில் கக்குவான் வந்து போனவருக்கும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. அதனால் வாப்பாவுக்கும் வரலாம், நன்னாவுக்கும் வரலாம்.

எப்படி அடையாளம் காண்பது?

முதல் ஒன்றிரண்டு வாரங்கள் சாதாரண ஜலதோஷம் போலவே இருக்கும். பிறகு இருமல் அடுக்கடுக்காக வரும். மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் இருமி, முகம் சிவந்து, சிலருக்கு வாந்தியில் முடியும். அது அடங்கியதும் எதுவுமே நடக்காதது போல் நலமாக இருப்பார். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. குழந்தைகள் இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது 'ஊப்' என்று எழும் ஓசை பெரியவர்களிடம் பெரும்பாலும் கேட்காது. நோய் பிடிபடாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். கடுமையாக இருமுவதால் சிலருக்கு விலா எலும்பில் விரிசல் ஏற்படுவதும், பெண்களுக்குச் சிறுநீர் கசிவதும் உண்டு. இதற்குச் சீன மொழியில் 'நூறு நாள் இருமல்' என்றே பெயர்.

உண்மையான ஆபத்து யாருக்கு?

பெரும்பாலான பெரியவர்கள் இதிலிருந்து தேறிவிடுவார்கள். ஆனால் அதே வீட்டில் பிறந்து சில நாளே ஆன குழந்தை இருந்தால் நிலைமை வேறு. முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான். அதாவது உம்மாவும் பிள்ளையும் வீட்டில் இருக்கும் அந்த நாற்பது நாளும் குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு இல்லாத நாட்கள். ஏழாம் நாள் பெயர் வைத்து அகீகா கொடுக்கும்போது உறவினர்கள் அனைவரும் வந்து குழந்தையைக் கையில் வாங்கி முத்தமிடுவதும் இந்த நாட்களில்தான்.

இந்த வயதில் குழந்தை இருமாமலேயே மூச்சு நின்று நீலம் பூத்துவிடக் கூடும். இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு 14,000க்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் உறுதியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 வயதைக் கடந்தவர்கள். ஆனால் அந்த ஆண்டு 11 கைக்குழந்தைகள் இந்த நோயால் இறந்தன.

நாம் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்தைக் கடந்த எந்த இருமலுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காசநோய், ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், சில ரத்த அழுத்த மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் நாமே முடிவு செய்யக் கூடாது. "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது", "கர்ப்பிணி இருக்கிறார்" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மூக்கின் உட்பகுதியில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் பரிசோதனை, இருமல் தொடங்கிய முதல் மூன்று நான்கு வாரங்களில்தான் நன்கு பலன் தரும். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து கிருமியைக் கொன்று பிறருக்குப் பரவாமல் தடுக்கும். ஆனால் இருமல் அதன்பிறகும் சில வாரங்கள் இருக்கலாம். மருந்து தொடங்கி ஐந்து நாள் வரையிலும், மருந்து எடுக்காதவர் மூன்று வாரம் வரையிலும் குழந்தையிடமிருந்து விலகியிருக்க வேண்டும். உடனிருப்பவர்களுக்கும் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகளுக்கு 27 முதல் 36 வாரத்திற்குள் 'டிடாப்' தடுப்பூசி போட்டால், தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குச் சென்று முதல் வாரங்களில் காக்கும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதைப் போட வேண்டும். அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் 'டிடி' ஊசியில் கக்குவானுக்கான மருந்து இல்லை என்பதால், மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கைக்குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, உதடு நீலமானாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இருமலுக்கென்று ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போக நினைக்கும்போது நமக்கு இருமல் இருந்தால் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, குணமான பிறகு போய்ப் பார்ப்போம். நம் வீட்டுக்கு இருமலோடு வருபவரிடமும் மரியாதையாக இதைச் சொல்லலாம். சில வாரம் தள்ளிப் பார்ப்பதால் உறவு குறைந்துவிடாது.