டயருக்கு எண்ணெய் ஆகாது

ஈப்போவின் போலோ திடலுக்கோ டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்கோ காலையில் போயிருக்கிறீர்களா? ஓடுகிறவர்களுக்கு நடுவில், குழந்தையை உட்கார வைத்த மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடும் அப்பாவோ அம்மாவோ கண்ணில் படலாம். கடைக்குக் கொண்டுபோகும் சாதாரண ஸ்ட்ரோலர் அல்ல அது. ஓடுவதற்கென்றே செய்த வண்டி.

1984இல் அமெரிக்காவின் யாக்கிமா நகரில் ஃபில் பேக்லர் என்பவர் தம் கைக்குழந்தையையும் ஓட்டத்துக்குக் கூட்டிப்போக நினைத்தார். தள்ளுவண்டி ஒன்றில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்திப் பார்த்தார். இன்றைய ஓட்ட வண்டிகளுக்கு அதுதான் தொடக்கம். சக்கரம் பெரிதாக இருந்தால் குழியிலும் கல்லிலும் எளிதாக ஏறி இறங்கும். ஓடும்போது முன் சக்கரம் இப்படி அப்படித் திரும்பாமல் நேராகப் பூட்டியிருக்க வேண்டும். திரும்புகிற சக்கரம் வேகத்தில் படபடவென்று ஆடி வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும்.

சரி, தோட்டத்துப் பாதையில் ஓடிவிட்டு வண்டி சேறும் மண்ணுமாக வீட்டுக்கு வந்திருக்கிறது. உடனே குழாயைத் திறந்துவிடாதீர்கள். இந்த வண்டியில் ரப்பர் இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது, துணி இருக்கிறது. ஒன்றுக்கு நல்லது செய்வது இன்னொன்றைக் கெடுக்கும். எந்தப் பகுதி எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால் கழுவும் முறை தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் டயர். பேராக் பிள்ளைகள் டயரைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் நம் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக, இருந்த ஹியூ லோ அவற்றை அங்கே வளர்த்தார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதை முதலில் யாருக்காகச் செய்தார் தெரியுமா? தம் சின்ன மகனின் மூன்று சக்கர வண்டிக்காக! கரடுமுரடான தெருவில் மகன் குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்துத்தான் ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். பிறகு சைக்கிளும் காரும் பெருகின. டயருக்கு ரப்பர் கேட்டு உலகமே நின்றது. அந்தத் தேவைக்காகத்தான் சுங்கை சிப்புட்டிலும் பேராக்கின் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினார்கள். அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகிவிட்டன. மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டிய பாலையும் ஒட்டுப்பால் பொறுக்கிய நாள்களையும் பற்றிச் சொல்லத் தாத்தா பாட்டி இருந்தால், இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

ரப்பரை மிக மிகச் சிறியதாகப் பார்க்க முடிந்தால், நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பம்போல் பின்னிக் கிடப்பது தெரியும். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகிறது. அதனால்தான் டயர் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீள்கிறது.

இந்தச் சங்கிலிகள் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எண்ணெயின் மூலக்கூறுகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே இனம் என்பதால் எண்ணெய் ரப்பருக்குள் சுலபமாக நுழைந்து சங்கிலிகளை விலக்கிவிடும். ரப்பர் ஊதி, வலுவிழந்து போகும். தண்ணீர் வேறு இனம், உள்ளே நுழையாது. ஆகவே டயருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பளபளப்பு வரட்டும் என்று எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவவே கூடாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் வளையங்களை எடுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றைச் சமையல் எண்ணெயிலும் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு துடைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தையும் தடிமனையும் அளந்து பாருங்கள்.

ரப்பருக்கு இன்னும் இரண்டு பகை உண்டு: வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஓசோனும். டயருக்குள் கரிப்பொடி கலந்திருக்கிறது. அது டயருக்கு வலுவும் தருகிறது, புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். ஓசோனோ, இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் முதலில் வெடிக்க வைக்கும். காற்று இறங்கிய டயரின் பக்கவாட்டுப் பகுதி மடிந்து இழுபட்டே கிடக்கும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே வெடிப்பு விழும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடைத்து நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். 30 டிகிரியில் இருந்த காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

அடுத்து, சட்டம். பெரும்பாலும் அலுமினியம். அதன் மேல் தானாகவே ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. ஆனால் திருகுகளும் அச்சுகளும் இரும்பு. தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், வியர்வையின் உப்பு அதை விரைவுபடுத்தும். தோட்டத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதும் துருவைப் போன்ற இரும்பு ஆக்சைடால்தான். கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். ஒன்று முக்கியம்: காய்ந்த மண்ணைத் துணியால் தேய்க்காதீர்கள். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்க மணலில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைய. அலுமினியத்தைவிட அவை மிகவும் கடினமானவை. துணிக்கடியில் சிக்கினால் கீறிக்கொண்டே போகும். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை ஓடவிட்டு, அதன் பிறகு தேயுங்கள்.

சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கிறது. சிறு எஃகுக் குண்டுகள் கிரீஸில் உருளும் இடம் அது. இங்கேதான் நிறைய பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள். கார் கழுவும் இடத்து வேகத் தண்ணீரை அடித்தால் அது மூடியைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸை வெளியேற்றும், மணலையும் கூடவே தள்ளிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் ஆகாது, கிரீஸைக் கரைத்துவிடும். அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காது கொடுங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் நல்லது. கரகரவென்றால் பேரிங்கை மாற்றச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

துணிக்கு நம் ஊர் ஈரக்காற்றே எதிரி. பிஸ்கட் தூளும் சிந்திய பாலும் இருந்தால் பூஞ்சணத்துக்கு விருந்துதான். தூளைத் தட்டி, மென்மையான சோப்பால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மடக்குங்கள். குழந்தையைக் கட்டும் வாரில் குளோரின் வெளுப்பான் படக்கூடாது, நைலான் இழை பலவீனமாகும்.

கழுவுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், அதைத் திரும்ப மாட்டுவது மட்டும் பெரியவர்களின் வேலை. முன் சக்கரம் கழன்று விழுந்து பலர் காயப்பட்டதால், 2018இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓட்ட வண்டி நிறுவனம் ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தது. அப்பா மாட்டி முடித்ததும் வண்டியின் முன்பகுதியைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் தட்டி, இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். மேட்டிலும் இறக்கத்திலும் வண்டி கைநழுவாமல் இருக்க மணிக்கட்டில் மாட்டும் வார் ஒன்று கைப்பிடியில் இருக்கும். அதை மாட்டாமல் அம்மா ஓடக் கிளம்பினால், நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.