காடழிக்காத காபி: சான்றிதழ் பார்க்காத நிழல்

இரண்டு முறை தள்ளிப்போடப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் 2026 டிசம்பர் 30 அன்று பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அமலுக்கு வருகிறது; குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 வரை அவகாசம். கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: 'காடழிப்பற்றது' என்று சொல்லி விற்கும் காபியை வாங்கினால் மலைக்கு நல்லதுதானே? அந்தச் சொல் தரும் உத்தரவாதம் மிகச் சிறியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் இந்தக் காபி விளையவில்லை, விளைந்த நாட்டின் சட்டத்தையும் மீறவில்லை, அவ்வளவுதான்.

சூட்சுமம் 'காடு' என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் இருக்கிறது. அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் கிளைப் பரப்பு இருந்தால் காடு. ஆனால் மர நிழலில் பயிர் வளர்த்தால் அது வேளாண் தோட்டம். காட்டுக் கணக்கில் வராது. ஏற்காடு, தாண்டிக்குடி, குடகு என நம் மலைகளின் காபி பெரும்பாலும் இப்படி நிழலில்தான் வளர்கிறது. அங்கே ஒருவர் அத்தியையும் பலாவையும் கல்யாண முருங்கையையும் எடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை வரிசையாக நட்டால், பறவைக்கும் மண்ணுக்கும் அது பேரிழப்பு. இந்தச் சட்டத்தின் பார்வையில் எதுவுமே நடக்கவில்லை. தோட்டத்தின் இருப்பிடத்தை ஆறு தசம இலக்கத் துல்லியத்தில் கேட்கிறார்கள். 4 ஹெக்டேரைத் தாண்டினால் எல்லைக்கோடே வரைந்து தர வேண்டும். அங்கே என்ன மரம் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அடர்ந்த நிழல் வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல்: செயற்கைக்கோள் வரைபடத்தில் அவர் தோட்டம் காடாகவே தெரியலாம், வழக்கமான நிழல் கவாத்துகூடக் காடழிப்போ என்ற ஐயத்தைக் கிளப்பலாம்.

விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. சில்வர் ஓக் நேராக, வேகமாக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டி விற்கக் கெடுபிடி குறைவு. ஈட்டி மரத்தையோ, தன் நிலத்தில் நின்றாலும், அனுமதியில்லாமல் தொட முடியாது. காக்க வந்த விதியே நாட்டு மரத்தைச் சுமையாக்கிவிட்டது. ஆனால் நிழலின் கணக்கு வேறு. வெயில் நேரடியாக விழும் அராபிகா செடியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அதிகம் தாக்குகிறது. உதிரும் இலை மண்ணுக்கு எரு. அத்திப்பழம் இருவாச்சிக்கு உணவு.

உலகம் முழுவதற்குமான சட்டம் எளிமையாகத்தான் இருக்க முடியும், காட்டைக் கொளுத்திப் பயிரிடுவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பார்கள். நியாயமான வாதம், அந்த வேலைக்கு இச்சட்டம் தேவைதான். அப்படியானால் அதை ஏற்றுமதிக்கான குறைந்தபட்சத் தகுதி என்றே சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் நற்சான்றாகப் பொட்டலத்தில் அச்சிடுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும்.

சுவைத்துப் பார்த்தால் தெரியாதா என்பது அடுத்த வாதம். நிழலில் பழம் நிதானமாகப் பழுக்கும், கொட்டை இறுகும் என்பது உண்மை. ஆனால் மலையின் உயரம், செடியின் ரகம், தோல் நீக்கும் முறை, காயவைப்பது, வறுப்பது எல்லாமே கோப்பையில் இறங்குகின்றன. சுவைஞர்கள் தூளில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே திரண்ட ஏட்டைக் கரண்டியால் விலக்கி, மணம் பிடித்து, உறிஞ்சி மதிப்பெண் போடுகிறார்கள். 100-க்கு 80 வாங்கினால் 'ஸ்பெஷாலிட்டி'. வெட்டவெளித் தோட்டத்துக் காபியும் அதை வாங்கும். நாக்கு தரத்தைச் சொல்லும்; தோட்டத்தை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

வீட்டு ஃபில்டர் காபிக்கு இச்சட்டம் பொருந்துமா? இல்லை, ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்குப் போகும் சரக்குக்கு மட்டும்.

இச்சட்டம் நாடுகளைப் பிரிக்கும் அபாயப் பட்டியலில் இந்தியா எந்தப் பிரிவில் இருக்கிறது? 'குறைந்த அபாயம்', அதனால் சோதனையும் குறைவு.

ஆர்கானிக் முத்திரை போதுமா? உரம், பூச்சிமருந்து பற்றித்தான் அது முக்கியமாகப் பேசும்.

நிழலை அளக்கும் முத்திரை உண்டா? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் 'பேர்ட் ஃப்ரெண்ட்லி' உண்டு; 40 சதவீத நிழலும் பல வகை மரங்களும் கட்டாயம்.

சிக்கரி கலந்த தூளில் சுவை பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம். முதலில் கலக்காத தூளை வாங்கிச் சுவையுங்கள்.

கடையில் என்ன கேட்பது? எந்த மலை, எந்தத் தோட்டம், நிழலுக்கு என்னென்ன மரங்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள், நாட்டு மரத்தை நிறுத்திவைக்க விவசாயிக்கு அந்தப் பணம்தான் காரணமாகும்.