அன்று நழுவியது தங்கம்! பிறகு வந்தது ஐந்து!

பெல்ஜியம் நாட்டில் ஹேசவிங்கல் என்ற இடத்தில் 1980-ல் சர்வதேச ஜூனியர் துடுப்புப் படகுப் போட்டி நடந்தது. இரட்டையர் பிரிவில் இங்கிலாந்தின் ஸ்டீவ் ரெட்கிரேவ் (வயது 18), ஆடம் கிளிப்ட் ஜோடிக்கு வெள்ளிப் பதக்கம். தங்கம் கை நழுவியது!

ரெட்கிரேவின் அப்பா வீடு கட்டும் தொழில் செய்தவர். பையனுக்கோ எழுத்துக்கூட்டிப் படிப்பதே திண்டாட்டம். 16 வயதிலேயே பள்ளிக்கு முழுக்கு போட்டார். ஆனால் துடுப்பை மட்டும் விடவில்லை.

1984 முதல் வரிசையாக 4 ஒலிம்பிக்கில் தங்கம்!

1997-ல் சர்க்கரை நோய் பிடித்தது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே படகில் ஏறினார். 2000-ல் சிட்னியில் நால்வர் படகில் 5-வது தங்கம். இத்தாலியை முந்தியது வெறும் 0.38 விநாடியில்! அப்போது அவருக்கு வயது 38.

ஜூனியரில் நழுவியதை வட்டியும் முதலுமாக வசூல் பண்ணிவிட்டார் மனுஷன்!