சிறுமியின் உயிரைக் காத்த சிப்பாய் அணுக்கள்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த சிறுமி எமிலி ஒயிட்ஹெட். 2010-ம் ஆண்டு மே மாதம் அவளுக்கு 5 வயது நிறைந்தது. அந்த மாதமே அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

அவளுக்கு வந்த வகைப் புற்றுநோயை மருந்தாலேயே குணப்படுத்தி விடலாம். அமெரிக்காவில் இந்த நோய் கண்ட 10 குழந்தைகளில் 8 பேருக்கு மேல் பிழைத்துக் கொள்கிறார்கள். ஆனால் எமிலியின் விதி வேறாக இருந்தது. போன நோய் 2011-ல் திரும்பி வந்தது. மறுபடியும் மருந்து கொடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் மறுபடியும் நோய் தலைகாட்டியது. இனி மருந்தால் பயன் இல்லை என்ற நிலை!

அப்போது பிலடெல்பியா நகரின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு புது வைத்தியம் சோதனையில் இருந்தது. அதுவரை எந்தக் குழந்தைக்கும் அதைச் செய்தது இல்லை. எமிலியின் பெற்றோர் துணிந்து சம்மதித்தார்கள்.

உள்வீட்டுப் பகைவன்

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் பல வகை உண்டு. "டி" அணுக்கள் என்பவை சிப்பாய்கள். நெஞ்சு எலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில்தான் இவற்றுக்குப் பயிற்சி. நோய்க்கிருமி புகுந்த அணுவைக் கண்டால் தேடிப்போய்க் கொல்லும். "பி" அணுக்கள் வேறு வகை. கிருமிகளை எதிர்க்கும் பொருளைத் தயாரிப்பவை அவை.

எமிலிக்குக் கெட்டுப் போனது இந்த "பி" வகை அணு. எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கு அடங்காமல் பெருகியது. சிப்பாய்களோ கைகட்டி நின்றன. காரணம் என்ன? பகைவன் வெளியிலிருந்து வரவில்லை. உடலின் சொந்த அணு, சொந்த உடுப்போடு நிற்கிறது. அதை எப்படிச் சுடுவது?

பென்சில்வேனியா பல்கலைக்கழக டாக்டர் கார்ல் ஜூன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். "பி" அணுக்களின் மேற்புறத்தில் சி.டி. 19 என்று ஓர் அடையாளம் உண்டு. நோயாளியின் ரத்தத்திலிருந்து "டி" அணுக்களைப் பிரித்தெடுத்து, அந்த அடையாளத்தைக் கண்டுகொள்ளும் சக்தியை அவற்றுக்கு ஊட்ட வேண்டும். பிறகு அவற்றைப் பெருக்கி, நோயாளியின் உடம்பிலேயே திரும்பச் செலுத்த வேண்டும்.

சக்தியை ஊட்டியது எது தெரியுமா? எய்ட்ஸ் கிருமி! அந்தக் கிருமி "டி" அணுவுக்குள் நுழைவதில் கைதேர்ந்தது. நோய் தரும் பகுதியை நீக்கிவிட்டு, அதைச் சுமைகூலியாக மட்டும் பயன்படுத்தினார்கள். பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடனையே வேலைக்கு வைத்துக்கொண்ட கதைதான்.

105 டிகிரி ஜுரம்

2012 ஏப்ரலில் எமிலியின் உடம்பில் அணுக்களைச் செலுத்தினார்கள். சில நாளில் ஜுரம் 105 டிகிரிக்கு ஏறியது. ரத்த அழுத்தம் இறங்கியது. மூச்சுவிட எந்திரம் வைத்தார்கள். சிறுமி நினைவிழந்து கிடந்தாள்.

வைத்தியம் தோற்றதா? இல்லை, வென்றதுதான் ஆபத்து! சிப்பாய்கள் வெறியோடு போரிட்டன. அந்தப் போரில் ரத்தத்தில் சில ரசாயனங்கள் வெள்ளமாய்ப் பெருகின. அவற்றில் ஒன்று, இன்டர்லூக்கின் 6 என்பது, அளவு கடந்து இருப்பதை ரத்தப் பரிசோதனை காட்டியது.

டாக்டர் ஜூனுக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. அவருடைய மகளுக்கு மூட்டுவாத நோய். அதற்கான மருந்துகளைப் பற்றி அவர் படித்து வைத்திருந்தார். டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து இதே ரசாயனத்தின் வேலையைத் தடுக்கக்கூடியது. இந்தக் காரியத்துக்கு அதை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. எமிலிக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஜுரம் தணியத் தொடங்கியது!

மே 2-ந்தேதி எமிலி கண் விழித்தாள். அன்று அவளுக்கு 7-வது பிறந்த நாள்! மே 10-ந்தேதி, புற்றுநோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. 2022-ல், நோயில்லாமல் 10 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அவளுக்கு முன்பே, 2010-ல், வயதானவர்களுக்கு இதே வைத்தியம் நடந்தது. அவர்களில் இருவர் உடம்பில் 10 ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சிப்பாய்கள் உயிரோடு காவல் இருந்ததை விஞ்ஞானிகள் கண்டார்கள்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிட்டுவதில்லை. சிலருக்குப் புற்று அணு தன் அடையாளத்தையே உதிர்த்துவிட்டு மறுபடி முளைக்கிறது. நல்ல "பி" அணுக்களும் கூடவே மடிவதால், கிருமி எதிர்ப்புப் பொருளை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியும் வருகிறது.

2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்த வைத்தியத்துக்கு அனுமதி தந்தது. விலை 4,75,000 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய். மொத்தமாகச் செய்து கடையில் அடுக்கி வைக்கும் மருந்தல்ல இது. அவரவர் ரத்தத்திலிருந்து அவரவருக்கென்று தயாராக வேண்டும்.

பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து இதை இந்தியாவிலேயே உருவாக்கின. 15 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதுவும் பல லட்ச ரூபாய்.