ஒரு பாதாம் பருப்புக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

மாணவர்களே, எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு செம்பருத்திச் செடி இருக்கிறது. படிவம் 2 மாணவர்களுக்கு நீராவிப்போக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது அதன் ஒரு கிளையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வாயை நூலால் இறுகக் கட்டிவிடுவேன். காலை 8 மணிக்குக் கட்டினால், மதியம் பையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் நிற்கும். அடியில் சிறிது தண்ணீரும் தேங்கியிருக்கும்.

இந்த முறை பையைப் பிரித்துக் காட்டியபோது ஒரு மாணவர் கேட்டார்: "டீச்சர், ஒரு பாதாம் பருப்புக்கு 12 லிட்டர் தண்ணீர் வேணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. நிஜமா?" பக்கத்தில் நின்ற மாணவி, "நான் 4 லிட்டர்னு படிச்சேன்" என்றார்.

இருவர் சொன்னதும் சரியாக இருக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்பதற்கு முன், ஒரு சிறு பருப்புக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று தெரிந்துகொள்வோம்.

தண்ணீர் எங்கே போகிறது?

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளமாக உள்ளன. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமில வாயு அவற்றின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆனால் கதவு திறந்தால் உள்ளே இருப்பதும் வெளியே போகும் அல்லவா? கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் ஆவியாக வெளியேறிவிடுகின்றன. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிக் காற்றில்தான் கலக்கிறது. பருப்புக்குள் தங்குவது மிகமிகக் கொஞ்சம்.

ஆகவே, "ஒரு பருப்புக்கு இத்தனை லிட்டர்" என்பது அந்தப் பருப்பு உருவாகும் காலத்தில் மரமும் மண்ணும் காற்றுக்கு விட்ட நீரின் கணக்கு. வெயில் கடுமையாகவும் காற்று வறண்டும் இருந்தால் இந்தக் கணக்கு ஏறும்.

பாதாம் விளையும் இடம் அப்படிப்பட்டதுதான். உலகப் பாதாம் உற்பத்தியில் சுமார் 80 விழுக்காடு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கில்தான் தோட்டங்கள் உள்ளன. அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள பிரெஸ்னோ நகரில் ஆண்டுக்குச் சுமார் 280 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. கோலாலம்பூரில் பெய்வது 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். அந்தக் கொஞ்ச மழையும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். காய் முற்றும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானத்தை நம்பிப் பயனில்லை.

(நம் கடற்கரைகளில் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தையும் சிலர் வாதுமை என்பார்கள். அது வேறு குடும்பம். நாம் கடையில் வாங்கும் பாதாம், பீச் பழத்தின் நெருங்கிய உறவு.)

நாமே கணக்குப் போடுவோம்

கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பள்ளத்தாக்கில் நன்கு வளர்ந்த ஒரு பாதாம் தோட்டம் ஓர் ஆண்டில் ஆவியாக்கும் நீரை அந்த நிலத்தின்மீதே தேக்கி வைத்தால், சுமார் 1.1 மீட்டர் உயரம் நிற்கும்.

1 ஹெக்டேர் = 10,000 சதுர மீட்டர்.
10,000 × 1.1 = 11,000 கன மீட்டர். அதாவது 11 மில்லியன் லிட்டர்.
நல்ல தோட்டத்தில் ஒரு ஹெக்டேரில் கிடைக்கும் பருப்பு சுமார் 2,200 கிலோகிராம்.
11,000,000 ÷ 2,200 = கிலோவுக்கு 5,000 லிட்டர்.
ஒரு பருப்பின் எடை சுமார் 1.2 கிராம். ஆகவே ஒரு பருப்புக்கு 6 லிட்டர்.

நமக்கு 4-உம் வரவில்லை, 12-உம் வரவில்லை! காரணம், எந்தத் தண்ணீரை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது.

நெதர்லாந்து அறிஞர் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002இல் 'நீர்த்தடம்' என்ற கருத்தை முன்வைத்தார். அதில் நீருக்கு மூன்று நிறங்கள் உண்டு. மழையாகப் பெய்து மண்ணில் தங்குவது பச்சை நீர். ஆறு, அணை, கிணறு ஆகியவற்றிலிருந்து எடுத்துப் பாய்ச்சுவது நீல நீர். உரம் போன்றவற்றால் மாசடையும் நீரைத் தரமான நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு நீரால் நீர்க்கச் செய்ய வேண்டுமோ, அந்த அளவு சாம்பல் நீர்.

2014, 2015ஆம் ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்க ஊடகங்கள் "ஒரு பாதாமுக்கு ஒரு கேலன்" என்று எழுதின. ஒரு கேலன் ஏறக்குறைய 4 லிட்டர். அது பாசன நீரை மட்டும் எண்ணிய கணக்கு. 2019இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று நிற நீரையும் கூட்டி, கலிபோர்னியப் பாதாம் ஒன்றுக்குச் சராசரியாக 12 லிட்டர் என்றது. ஆக, என் மாணவர்கள் இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். அவர்கள் பார்த்த செய்திகள், எதை எண்ணினோம் என்று சொல்லாமல் விட்டுவிட்டன.

பாதாம் மட்டும்தான் குற்றவாளியா?

உலகச் சராசரி நீர்த்தடத்தைப் பாருங்கள். ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டர். கோழி இறைச்சிக்கு 4,300. மாட்டிறைச்சிக்கு 15,400. ஓடு நீக்கிய பாதாமுக்குச் சுமார் 16,000. பட்டியலில் பாதாம் மேலே இருப்பது உண்மைதான். ஆனால் யாரும் பாதாமைக் கிலோ கணக்கில் ஒரு வேளைக்குச் சாப்பிடுவதில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 23 பருப்பு, 12 லிட்டர் கணக்கில் 276 லிட்டர். 150 கிராம் மாட்டிறைச்சிக்கு 2,310 லிட்டர். ஒப்பிடும் அளவை மாற்றினால் முடிவும் மாறுகிறது.

அப்படியானால் பாதாமால் தொல்லையே இல்லையா? இருக்கிறது. "எத்தனை லிட்டர்" என்ற கேள்வியோடு நின்றால் அது தெரியாது. "எங்கிருந்து வந்த லிட்டர்" என்றும் கேட்க வேண்டும்.

கீழே இறங்கும் நிலம்

கலிபோர்னியாவுக்கு இயற்கை கொடுத்த பெரிய நீர்த்தேக்கம் சியரா நெவாடா மலைத்தொடரின் பனி. குளிர்காலத்தில் குவியும் பனி, கோடையில் உருகி ஆறுகளில் வரும். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி, மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்த மலையில் பனி அளக்கும் ஓர் இடத்துக்குப் போனார். வழக்கமாக அந்த நாளில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் பனி இருக்க வேண்டிய இடத்தில் அவர் வெறும் புல்தரையில் நின்றார். அன்றுதான் நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க உத்தரவிட்டார்.

அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் மத்தியப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் பலருக்குக் கூட்டரசு அரசாங்கத்தின் கால்வாய்களிலிருந்து ஒரு சொட்டுகூட ஒதுக்கப்படவில்லை. தக்காளியோ பருத்தியோ பயிரிடுபவர் ஓராண்டு நிலத்தைத் தரிசாகப் போடலாம். பாதாம் மரம் 25 ஆண்டு வாழும். நட்டு மூன்றாண்டு கழித்துத்தான் காய்க்கத் தொடங்கும். ஓராண்டு தண்ணீர் விடாவிட்டால் மரம் சாகும், போட்ட முதலும் போகும். ஆகவே அவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டி நிலத்தடி நீரை இறைத்தார்கள். மற்றப் பயிர் செய்தவர்களும் இறைத்தார்கள்.

நிலத்தடி நீர் இறங்கினால் மேலே இருக்கும் நிலமும் இறங்கும். களிமண்ணின் துகள்கள் தட்டையானவை. அவை தாறுமாறாகக் கிடக்கும்போது இடைவெளிகளில் நீர் தங்குகிறது. அந்த நீரை உறிஞ்சிவிட்டால், மேலே உள்ள மண்ணின் எடை தாங்காமல் துகள்கள் தட்டுகளை அடுக்கியதுபோல் படிந்துவிடும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இடைவெளிகள் பெரும்பாலும் திரும்பி வரா. நீர் சேமிக்கும் இடமே நிரந்தரமாகப் போய்விடுகிறது.

இது புதிய கதையன்று. மெண்டோட்டா என்ற ஊருக்கு அருகே 1977இல் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. நிலவியல் ஆய்வாளர் ஜோசப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறார். கம்பத்தின் உச்சியில் '1925' என்று ஒரு பலகை. அந்த ஆண்டில் நிலம் அந்த உயரத்தில் இருந்தது என்று பொருள். 52 ஆண்டுகளில் நிலம் ஏறக்குறைய 9 மீட்டர் இறங்கிவிட்டது. மூன்று மாடி உயரம்! அப்போது அங்கே பாதாம் இந்த அளவுக்குப் பரவவில்லை. பாதாம் பெருகியபோது பழைய நோய் தொடர்ந்தது.

இதில் முதலில் அடிபட்டவர்கள் யார்? பெரிய தோட்டக்காரர் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குத் துளை போடலாம். வீட்டுக் கிணறு அவ்வளவு ஆழம் போகாது. 2014இல் கிழக்குப் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் பண்ணைத் தொழிலாளர்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. போத்தல் தண்ணீரையும் வாசலில் வைத்த தொட்டிகளையும் நம்பி மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். உலகுக்கே பழமும் பருப்பும் விளைவிக்கும் பள்ளத்தாக்கில், அவற்றைப் பறிப்பவர்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை.

தீர்வு எங்கே?

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. சொட்டுநீர்ப் பாசனமும் மண் ஈரம் அளக்கும் கருவிகளும் பரவின. 1990களுக்கும் 2010களுக்கும் இடையில் ஒரு கிலோ பாதாமுக்கான தண்ணீரை 33 விழுக்காடு குறைத்துவிட்டதாகப் பாதாம் விவசாயிகளின் அமைப்பு சொல்கிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1990களின் நடுவில் காய்க்கும் தோட்டங்கள் சுமார் 170,000 ஹெக்டேர். 2021இல் 530,000 ஹெக்டேர். மலாக்கா மாநிலத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஒரு கிலோவுக்கான நீர் குறைந்தது. கிலோக்கள் அதைவிட வேகமாகப் பெருகின. அதனால் மொத்த நீர் குறையவில்லை. தேர்வுத்தாளில் 'வீதம்', 'மொத்தம்' என்று இரண்டையும் பிரித்துக் கேட்பது இதற்காகத்தான்.

மொத்தத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். 2014இல் கலிபோர்னியா அப்படி ஒரு சட்டம் இயற்றியது. நிலத்தடி நீரை ஊறும் அளவுக்கு மேல் இறைக்காத நிலையை, பாதிப்பு மிகுந்த வட்டாரங்கள் 2040க்குள் எட்ட வேண்டும். அதற்காகச் சில தோட்டங்கள் மூடப்பட வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், மரங்கள் உறங்கும் குளிர்காலத்தில் வெள்ள நீரைத் தோட்டங்களுக்குள் பாயவிட்டு, அதை நிலத்துக்குள் இறக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

அடுத்த முறை "இதற்கு இத்தனை லிட்டர்" என்று ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நீரை எண்ணினார்கள்? அது எங்கிருந்து, எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது? எடுத்த இடத்தில் அது மீண்டும் ஊறுமா?

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. வீட்டில் தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய பாதாம் பொட்டலம் இருந்தால், அது எந்த நாட்டில் விளைந்தது என்று படியுங்கள். 23 பருப்பை எண்ணி ஒரு தட்டில் வையுங்கள். பக்கத்தில் எத்தனை வாளித் தண்ணீர் வைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். பிறகு பருப்பை வீணாக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்.